கழுவிக் கவிழ்த்த பால் புட்டி

அன்றைக்கும் ஹாரிம் வகுப்பு முடிந்து திரும்புவதற்குள் அவளுடைய மேசையின் மூலையில், குளிர்ச்சியில் வியர்த்தபடி ஒரு வாழைப்பழப் பால் புட்டி வந்து உட்கார்ந்திருந்தது. பயிற்சி ஆசிரியர் அறையில் இருந்த எவரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமமே, அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் என்பதைச் சொன்னது.

குன்சான் நகரின் அந்தப் பெண்கள் நடுநிலைப் பள்ளிக்கு மே மாதப் பயிற்சிக்காக வந்திருந்த கல்லூரி மாணவர்களில், தக் ஹாரிம் கொரிய மொழிப் பாடத்துக்கு உரியவள். பிள்ளைகளோடு கைப்பேசி எண் பரிமாறக் கூடாது, பள்ளிக்குள் ஒருவரையொருவர் மிஸ், சார் என்றே அழைக்க வேண்டும், தாம் மதிப்பெண் போடும் பிள்ளையிடமிருந்து ஒரு மிடறு பானம்கூட வாங்கக் கூடாது என்றெல்லாம் பல்கலைக்கழகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாங்கியது தெரிந்தால் பயிற்சி செல்லாது. பயிற்சி செல்லாவிட்டால் ஆசிரியர் உரிமம் இல்லை. இரண்டாம் ஆண்டு மூன்றாம் பிரிவின் பேச்சுத் தேர்வுக்கு அப்போது அவள்தான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மிஸ்ஸுக்கு ரசிகர் மன்றமே இருக்கும் போலிருக்கே!" என்றான் எதிர்மேசையிலிருந்த குக் ஜேமூன். கட்டாய இராணுவச் சேவை முடித்துவிட்டுப் படிப்பைத் தொடர்பவன், அவளுக்கு மூத்தவன். கணிதப் பயிற்சிக்கு வந்தவன். இடைவேளைகளில் வாசலில் வந்து மொய்க்கும் பெண்களெல்லாம் அவனைப் பார்க்கத்தான் வருவார்கள். ஆனால் அவன் மேசை மட்டும் எப்போதும் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருக்கும்.

ஹாரிமுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் புட்டியை அவள் குடித்துவிட்டிருந்தாள். தொடர்ந்து பேசித் தொண்டை வறண்டுபோன ஒரு நண்பகலில், கூடப் பயில்பவர் யாரோ எல்லாருக்குமாக வாங்கி வைத்தது என்று நினைத்து, யோசிக்காமல் ஒரே மூச்சில். குடித்ததோடு விட்டிருக்கலாம். வீட்டுப் பழக்கத்தில் மேலுறையைக் கிழித்தெடுத்து, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, மறுசுழற்சித் தொட்டியில் போடுமுன் காயட்டும் என்று சன்னல் விளிம்பில் கவிழ்த்தும் வைத்துவிட்டாள். மாலையில் பார்த்தபோது புட்டி அங்கே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு யார் மீதும் நம்பிக்கையில்லை. எடுத்தவர் யார்? எதற்காக எடுத்து வைத்திருக்கிறார்?

புதிதாக வந்த புட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே மூன்றாம் பிரிவுக்குப் போனாள்.

"இதை என் மேசையில வெச்சது யாரு?"

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. முன்வரிசையில் நம்கூங் போமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பேச்சுத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவள் அவள்தான். ஹாரிமின் சந்தேகம் உடனே அவள் மீது போய் ஒட்டிக்கொண்டது.

"போமி, நீயா?"

"ஐயோ, நானா? நல்லாப் பேசினதுக்கு மார்க் வாங்கினேன் மிஸ், பாலுக்கு இல்ல."

"அப்ப யாரு? கை தூக்குங்க."

"யாருக்கோ வெச்சதை வேற யாரோ குடிச்சா, வெச்சவங்க எப்படி மிஸ் கை தூக்குவாங்க?" என்றாள் போமி. பின்வரிசையில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. "எதிர்க் கட்டடத்துலேருந்து எல்லாம் தெரியும் மிஸ். ஒரே மடக்குல குடிச்சீங்க. பாவம், அன்னிக்கு ஒருத்தி அழுது தீத்துட்டா."

யாருக்கோ வெச்சது. அந்தச் சொல் நாள் முழுவதும் ஹாரிமை அரித்தது. மறுநாள் வகுப்புக்குப் போவதுபோல் கிளம்பி, படிக்கட்டு வரை போய், செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்து கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். ஜேமூன் தன் மேசையிலிருந்த பால் புட்டியை எடுத்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். அவளுடைய மேசையில் கொண்டுபோய் வைத்தான்.

"அண்ணா!" விதியெல்லாம் பறந்துபோயிற்று.

"உஷ்! மிஸ், சார்னு கூப்பிடணும்."

"சார்! என்ன சார் பண்றீங்க?"

அவன் முகம் வெளுத்தது. "என்னை என்ன பண்ணச் சொல்றே ஹாரிம்? பொண்ணுங்க பள்ளிக்கூடம். நான் ஆம்பளை. திருப்பிக் குடுக்கணும்னா யாரு வெச்சதுன்னு தேடணும். தேடினா, அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் என்னன்னு கேப்பாங்க. உன் மேசையில இருந்தா பிள்ளைங்க பாசம். என் மேசையில இருந்தா வழக்கு."

"அதுக்கு நான் மாட்டிக்கணுமா? சன்னல்ல கவிழ்த்து வெச்ச புட்டிய எடுத்ததும் நீதானா?"

"சத்தியமா இல்ல. துணைத் தலைமையாசிரியை எடுத்துட்டுப் போனாங்க. சுத்தமாக் கழுவி வேற வெச்சிருந்தியே!"

இவன் சொல்வதை எவ்வளவு நம்புவது? நம்பினாலும் நம்பாவிட்டாலும் போக வேண்டிய இடம் ஒன்றுதான். மாலையில், கூப்பிடுவதற்கு முன்பே, துணைத் தலைமையாசிரியை ஓக்கின் அறைக்கதவைத் தட்டினாள். காணாமல்போன புட்டி அவருடைய மேசையில் இருந்தது.

"நான்தான் குடிச்சேன் மேடம். யாரு குடுத்தாங்கன்னு தெரியாமலே குடிச்சேன். மூணாம் பிரிவு மார்க்கை வழிகாட்டி டீச்சரே முதல்லேருந்து போடட்டும். தேர்வோட ஒளிப்பதிவு இருக்கு."

ஓக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாம வந்த பால், தெரியாம குடிச்சீங்க. வெச்சது யாருன்னு இப்பவுமா தெரியாது?"

ஹாரிமின் நாக்கின் நுனிக்கு அவன் பெயர் வந்தது. சொல்லிவிட்டால் சந்தேகம் அந்தக் கணமே இடம் மாறி உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு இலேசாக அது இடம் மாறும் என்பதுதான் அவளைத் தயங்க வைத்தது.

"தெரியும் மேடம். நாளைக் காலையில அவரே வந்து சொல்லட்டும். வரலைன்னா நான் சொல்றேன்."

"வரலைன்னா உங்க பயிற்சியும் சேர்ந்து போகும்."

"தெரியும் மேடம்."

அதை அப்படியே ஜேமூனிடம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள். காலையில் அவன் மேசையில் புதுப் புட்டி ஒன்று நின்றது. அவன் அதையே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவள் மேசைப் பக்கம் அவன் கண் ஒருமுறை ஓடியது. அதை அவள் கவனித்தாள். பிறகு புட்டியை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். பள்ளிக்குள் போடும் அவனுடைய செருப்பின் சத்தம் படிக்கட்டில் இறங்கித் தப்புகிறதா என்று அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். சத்தம் துணைத் தலைமையாசிரியையின் கதவருகே நின்றது. கதவு தட்டப்பட்டது.

வார இறுதிக்குள் வழிகாட்டி ஆசிரியை போட்ட மதிப்பெண்கள் வந்தன. ஹாரிம் போட்டவற்றோடு அவை ஒத்துப்போயின. போமிக்கு இம்முறையும் முதலிடம். இருவரின் பயிற்சியும் எச்சரிக்கையோடு தொடர்ந்தது. இனி யார் மேசையில் எது வந்தாலும் ஓக்கின் முன்னிலையில் கொட்டிவிட வேண்டும் என்று உத்தரவு.

அன்று மாலை ஜேமூன் கைகழுவும் தொட்டியில் நின்று காலிப் புட்டியை அலசிக்கொண்டிருந்தான்.

"கவிழ்க்கட்டுமா மிஸ்?"

"இங்கேயா? சன்னல்லயா? அம்மாடி, வேண்டாம்." ஹாரிம் எதிர்க் கட்டடத்தின் சன்னல்களை ஒருமுறை நோட்டம் விட்டாள். "மேலுறையைக் கிழி. நேரே மறுசுழற்சித் தொட்டியில போடு. நான் பாத்துட்டே இருக்கேன்."