நேற்று ஒட்டிய பவளம்

"எல்லாமே எங்க பண்ணையில வளர்ந்த பவளம். கடல்லேருந்து ஒண்ணுகூட உடைக்கல." மீன்தொட்டியில் வைக்க உயிர்ப்பவளம் வாங்கக் கடைக்கு வருகிறவர்களிடம் முதலாளி சொல்லும் வசனம் இது. அவருக்காக உளியோடு ஆழ்கடலில் மூழ்கிப் பவளம் உடைத்த என் அண்ணன், ஒருநாள் சட்டென்று மேலேறி வந்ததில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்தபோது, "அவன் யாருன்னே தெரியாதும்மா" என்று, அவர் கடையில் வேலை பார்க்கும் என்னிடமே கூசாமல் சொன்னார்.

உடைத்து வந்த பவளத்தைச் சிமெண்ட் வில்லையில் ஒட்டுவதுதான் என் வேலை. கடலில் உடைப்பது குற்றம்; வில்லைமேல் வளர்ந்திருந்தால் பண்ணைப் பவளமாம். அதிகாரியம்மா சோதனைக்கு வருவதற்கு முதல் நாள், புதிதாக வந்த நாற்பது பவளத்தையும் ஒட்டினேன். பசையைப் பேருக்குத்தான் தொட்டு வைத்தேன்.

அதிகாரியம்மா தொட்டிக்குள் கைவிட்டு ஒன்றைத் தூக்கினார். வில்லை மட்டும் கையோடு வந்தது; பவளம் கழன்று தொட்டியிலேயே விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

"ரெண்டு வருஷம் இதுமேலயே வளர்ந்ததுன்னு எழுதியிருக்கீங்க?"

முதலாளி என்மேல் பாய்ந்தார். "சனியனே, நேத்துதானே ஒட்டச் சொன்னேன்! ஒழுங்கா ஒட்டித் தொலைக்க மாட்டியா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எழுதிக்கோங்க மேடம்," என்றேன். "எங்க உடைச்சதுன்னு எங்கண்ணன் சொல்லுவான். அவனுக்குக் கால்தான் போச்சு, வாய் இருக்கு."