ஒன்றாம் நம்பரில் இரண்டு பேர்

காளான் பண்ணையில் வேன் ஓட்டுகிறவனுக்கு மனைவியின் மேல் அன்பு உண்டு, மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. ஆனால் அவளைப் பார்த்து அசந்துபோய் உட்கார்ந்தது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான்.

அவள் அதே பண்ணையில் எலக்ட்ரீஷியன். மோட்டார், ஃபேன் எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஒருநாள் காளான் அறைகளுக்கு வெப்பத்தை அளக்கும் புதுக் கருவிகள் வந்து இறங்கின. அறைக்கு ஒன்றாக மாட்டி, எல்லாவற்றையும் ஒரே கேபிளில் கோத்து, அளவுகள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியும்படி செய்ய வேண்டும். வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடலாம் என்று மேனேஜர் இழுத்தபோது, கற்றுக்கொண்டு தானே செய்வதாகச் சொல்லிவிட்டாள்.

அந்தக் கருவிகள் பேசும் பாஷைக்கு மோட்பஸ் என்று பெயர். பெயரைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது. பஸ் என்று காதில் விழுந்ததும் நம்ம சமாச்சாரம் போலிருக்கிறதே என்று வேன்காரனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு கருவி, ஆபீஸிலிருந்து வாங்கி வந்த லேப்டாப், நடுவில் இரண்டு ஒயர். படித்ததை அவனிடம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் உண்டு. கம்ப்யூட்டர் நம்பரைச் சொல்லிக் கேட்கும். கேள்வி எல்லாக் கருவிகளின் காதிலும் விழும். ஆனால் அந்த நம்பர்காரர் மட்டும்தான் பதில் சொல்லலாம், மற்றவர்கள் கப்சிப்.

"நம்ம வீட்டுலயும் இப்படி ஒரு சட்டம் இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

"இருக்கே. நான் கேட்டா மட்டும் நீங்க பேசணும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். கருவியும் மூடிக்கொண்டுதான் இருந்தது. எத்தனை முறை கேட்டும் அது பதிலே சொல்லவில்லை.

கருவி செய்த கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ஒருவர் படபடவென்று பொழிந்து தள்ளினார். அவள் குறுக்கிட்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். அப்படி நினைச்சுக்கிட்டு முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். புரியவில்லை, இன்னொரு தடவை என்றாள். அவர் பெருமூச்சு விடுவது மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அப்போதும் அவள் விடவில்லை.

வேன்காரனுக்குக் காது சுட்டது. வழி தெரியாவிட்டால் ஊரைச் சுற்றினாலும் சுற்றுவானே தவிர யாரிடமும் கேட்கமாட்டான். இவளோ தெரியாது என்பதை முகவரி சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்கிறாள். இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கடைசியில் பார்த்தால், இரண்டு ஒயரும் இடம் மாறிக் கிடந்தன. மாற்றி முறுக்கியதும் திரையில் 245 என்று வந்தது.

வீட்டுக்குள் அத்தனை சூடு என்றால் நாம் வெந்துபோயிருப்போமே என்றான் அவன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். கருவிக்குப் புள்ளி வைக்கத் தெரியாது. இருபத்து நாலரையைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக அனுப்பியிருக்கிறது, நாம்தான் திரும்ப வகுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் பண்ணையில் இரண்டு அறைகளின் கருவிகளைச் சேர்த்து மாட்டினாள். கம்ப்யூட்டரில் பிழை என்று மட்டும் வந்தது. அவன் கூடைகளை ஏற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒன்றைக் கழற்றினாள். மற்றது பேசியது. அதைக் கழற்றி இதை மாட்டினாள். இதுவும் பேசியது. சேர்த்து மாட்டினால் மட்டும் குளறல்.

"கம்பெனியிலேருந்து வரும்போதே ரெண்டுக்கும் ஒண்ணாம் நம்பர்தான் போட்டிருக்காங்க" என்றாள் அவனைப் பார்த்து. "ஒண்ணைக் கூப்பிட்டா ரெண்டும் சேர்ந்து கத்துது."

இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்றைத் தனியாக மாட்டி அதன் நம்பரை இரண்டாக்கினாள். அதன் பிறகு இதேபோல ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் கொடுத்து, வரிசையாக ஒவ்வோர் அறையாகச் சேர்த்துக்கொண்டே போனாள். சாயங்காலத்துக்குள் எல்லா அறையும் திரையில் வந்துவிட்டது.

மேனேஜருக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. திரையில் ஓடுவது நிஜ அளவுதானா என்றார். அவள் புருஷனைப் போனும் கையுமாகக் கடைக்கோடி அறைக்கு அனுப்பினாள்.

குளிர்ந்த இருட்டறை. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று காளான். அவன் கருவியின் முனையை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான். போனில் அவள் குரல் வந்தது. "பதினெட்டு... பத்தொன்பது... ஏறுது."

பக்கத்தில் மேனேஜர், நிஜமாவே ஏறுதே என்று சொல்வதும் கேட்டது.

"போதும், கையை எடுங்க."

அவன் எடுக்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டே போவதை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும்போல் இருந்தது.