ஏழாம் நாள் கடற்கரை

கடலைக் கடைசியில் வை. எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். முதல் நாளே கடலைக் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு எந்தக் கோட்டையும் எடுபடாது. கால் ஈரம் காய்வதற்குள் பின் சீட்டில், 'இன்னொரு தரம் கடலுக்கே போகலாமே' என்று முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும். ஆகவே முதலில் பழைய ஊர்கள், கோட்டை, அரண்மனை, மணிக்கூண்டு. கால் ஓய்ந்து, 'போதுமடா சாமி' என்று ஆகும்போது கடல். வந்தவர்கள் எல்லாக் குறையையும் மறந்து சிரித்த முகத்தோடு வீடு திரும்புவார்கள்.

இருபத்தாறு வருடம் இப்படி அடுத்தவர் பயணங்களுக்குத் திட்டம் போட்டே பெயர் வாங்கியவன் நான். எந்த அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை, எந்தக் கோட்டையில் எத்தனை படி, எந்தச் சாலையில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடல் தெரியும், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அலுவலகத்தில் என்னை 'அட்டவணை' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. அந்தப் பெருமைதான் என் மனைவிக்கு வினையாக முடிந்தது.

என் மனைவிக்கு ஒரே ஒரு அக்கா, ஆறு வயது மூத்தவர். வீட்டில் அவருக்கு ஜட்ஜம்மா என்று பட்டப்பெயர். தீர்ப்புச் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கணவரோடு ஒரு கடற்கரை ஊரில் இருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மாமனார் தவறியபோது, நாலு பேர் நடுவில் தங்கையைப் பார்த்து, "நீ விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறவ, உனக்கு என்னடி தெரியும்?" என்று கேட்டுவிட்டார். மாமனாரைக் கடைசி மூன்று வருடம் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவர் அவர். கேட்க உரிமை இருந்தது. கேட்ட இடம்தான் சரியில்லை. என் மனைவி அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். இவள் கூப்பிடட்டும் என்று அவரும், அவர் கூப்பிடட்டும் என்று இவளும் இருந்துவிட்டார்கள். வீம்பில் இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"அக்காவுக்கு இப்பல்லாம் மூச்சு வாங்குதாம். நாலு அடி நடந்தா உக்காந்துடறாளாம். நம்ம பொண்ணு சொன்னா."

"போய்ப் பாத்துட்டு வாயேன்."

"அவ பேசின பேச்சுக்கு நானே வலியப் போய் நிக்கணுமா?" மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "ஏங்க, நம்ம பாட்டுக்கு ஊர் சுத்திப் பாக்கக் கிளம்பினோம், வழியில அந்த ஊரும் வந்துதுன்னு வெச்சுக்குங்க. வந்த இடத்துல அக்கா வீடாச்சேன்னு ஒரு எட்டு பாத்துட்டு வரலாம். அதுல யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லையே?"

கரும்பு தின்னக் கூலியா? அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் நாட்டு வரைபடத்தை விரித்துவிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து, அக்காவின் ஊர் மேல் விரலை வைத்தாள்.

"முதல்ல இங்க போயிடலாம். மத்ததெல்லாம் அப்புறம்."

"நல்லா இருக்கே! முதல் நாளே அங்க போய் நின்னா, அதுக்குத்தான் வந்தோம்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கடைசியில வெச்சாதான் தற்செயலா வந்த மாதிரி இருக்கும்."

"அதுக்காக ஏழு நாளா?"

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாது."

"நான் கடலைச் சொல்லலை," என்றாள்.

நான் சிரித்துவிட்டுப் பென்சிலைச் சீவினேன். பொய்க்கும் ஒரு பொருத்தம் வேண்டும் இல்லையா? பார்த்தால் அசல் சுற்றுலா என்றே தோன்ற வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். முதல் நாள் மதில் சூழ்ந்த பழைய ஊர். இரண்டாம் நாள் கோட்டை, முந்நூற்றுப் பன்னிரண்டு படி, கல் சூடேறுவதற்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். அப்புறம் அரண்மனை, ஆற்றின் மேல் பழைய கல் பாலம், பாறைக் குகை, கலங்கரை விளக்கம். கடைசியில், 'ஏழாம் நாள்: கடற்கரை. மாலை ஓய்வு' என்று மட்டும் அச்சடித்தேன். அக்கா வீடு என்ற சொல்லே தாளில் கிடையாது. என் சாமர்த்தியம் அது. போதாததற்கு அந்தத் தாளைப் படம் எடுத்து, கைப்பேசியில் குடும்பக் குரூப்பிலும் போட்டேன். ஜட்ஜம்மாவும் அந்தக் குரூப்பில் உண்டு. பதில் எதுவும் எழுதவில்லை. பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளம் மட்டும் விழுந்தது.

"பாத்துட்டா," என்றாள் என் மனைவி. அன்று அவள் இரண்டு தடவை தோசைக்கரண்டியைக் கை தவறிக் கீழே போட்டாள். அவ்வளவு பரபரப்பு.

பயணம் என்னவோ அட்டவணை பிசகாமல் நடந்தது. நான்தான் கோட்டையைப் பார்த்தேன், அவள் கோட்டையைப் பார்க்கவில்லை. படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்துகொண்டு, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும் அக்காவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. "கொஞ்சம் சிரி, குரூப்ல போடணும்," என்று மதில் ஓரமாக, பீரங்கி பக்கத்தில், அரண்மனை வாசலில் என்று நிற்க வைத்துப் படம் எடுத்தேன். பாவம், சிரித்தாள். ஒவ்வொரு மாலையும் தவறாமல் அன்றைய படங்களைப் போட்டேன்.

மூன்றாம் நாள் அரண்மனைத் தோட்டத்தில் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கேருந்தே நேரா போயிடலாமாங்க? மனசு சரியில்லை."

"எல்லா ஊர்லயும் ரூம் சொல்லியாச்சு. இப்ப போனா மொத்தத் திட்டமும் குலைஞ்சு போயிடும்," என்றேன்.

இப்போது நினைத்தாலும் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. யாருக்காகப் போட்ட திட்டம், அது குலைந்தால் யார் குடி முழுகிவிடும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஏழாம் நாள் மாலை நாலு மணிக்கு அந்த வீட்டு மணியை அடித்தோம். சகலைதான் கதவைத் திறந்தார். அதிகம் பேசாத மனிதர். "வாங்க," என்றார். கூடத்தில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு என் மனைவி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

சகலை டீயைக் கொண்டுவந்து வைத்தார். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"நீங்க போட்ட தாளைப் பாத்ததும் குழந்தை மாதிரி ஆயிட்டா. 'ஏழாம் நாள்னு சும்மா போட்டிருக்காங்க. அவளாவது கோட்டையைப் பாக்கறதாவது! ரெண்டாம் நாளே வந்து நிப்பா பாருங்க'ன்னா. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டா. வேண்டாம்னாலும் கேக்காம தானே தூசி தட்டினா. சாயந்திரமானா வாசல் நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டா. அப்புறம் ஒவ்வொரு படமா வந்துது." கொஞ்சம் நிறுத்தினார். "பாலத்து மேல நின்னு சிரிச்சீங்களே, அந்தப் படம் வந்த அன்னிக்கு விரிப்பை எடுத்து மடிச்சு வெச்சுட்டா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிடித்த குரங்கு கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. என் மனைவி எழுந்து போய்க் கதவில் கையை வைத்தாள்.

"அக்கா, நான்தான்."

உள்ளே மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"எல்லாம் பாத்து முடிச்சாச்சா?"

"உன்னைப் பாக்கத்தான்க்கா வந்தேன். சத்தியமா."

"தாளை நானும்தான் படிச்சேன். கோட்டை இருக்கு, பாலம் இருக்கு, கலங்கரை விளக்கம் இருக்கு. அதுல நான் எங்கடி இருக்கேன்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. கதவருகே போனேன். "அண்ணி, தப்பு முழுக்க என்னோடது. இவ முதல் நாளே இங்க வரணும்னுதான் சொன்னா. நான்தான்..."

"தம்பி," என்றார் இடைமறித்து. "உங்க ஊர்லேருந்து நேரா வந்தா இங்க எவ்வளவு நேரம்?"

தொழில் புத்தி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "ஆறு மணி நேரம்."

என் மனைவி கதவில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை உள்ளே நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். தாழ்ப்பாள் விலகவில்லை. செருப்புச் சத்தம் திரும்பிப் போயிற்று.

இருட்டிய பிறகு, "காலையில பேசிக்கலாம். இப்ப பிடிவாதம் பிடிப்பா," என்றார் சகலை. என் மனைவி என்னைப் பார்த்தாள். 'நீ இங்கேயே இரு, எத்தனை நாளானாலும் இரு' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி சொல்லியிருந்தது. அதைச் சொன்னேன். அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஊருக்கு வந்த பிறகு வாரா வாரம் போன் செய்தாள். சகலைதான் எடுப்பார். "சொல்றேன்மா," என்பார். பின்னால் யாரோ இருமுவது கேட்கும். அதைக் கேட்பதற்கென்றே இவள் போனை வைக்காமல் எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். இன்னொரு தரம் போய் வரலாமா என்று நானும் கேட்டேன். "திரும்பவும் கதவைச் சாத்திட்டா?" என்று பயந்தாள். அவளைப் பயப்பட வைத்ததும் நான்தான். வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

பதினோரு மாதம் கழித்து, ஒரு நாள் விடிகாலையில் சகலையே போன் செய்தார். அண்ணி தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்.

ஆறரைக்குக் கிளம்பினோம். வழியில் எந்த ஊரிலும் நிற்கவில்லை. என் மனைவி சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தத் தெருமுனையில் வண்டி திரும்பியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"மணி என்னங்க?"

"பன்னிரண்டே கால்."

விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். சரியாக வரவில்லை போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு கிட்டயாங்க இருந்தா என் அக்கா?"