மாதிரி எண் ஒன்று

மருந்துக் கடையின் கண்ணாடிக் கதவை மூன்றாவது தடவையாகத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார் அவர். மனைவி இப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தாள். வீட்டிலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. அவர் ஏழே நிமிடத்தில் வந்துவிட்டார். அவள் ஒரு கையைத் தொடையில் ஊன்றியபடி நின்று நின்று வந்தாள்.

"என்ன, ஊர்வலமா வர்ற? ஒம்பது மணிக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும்."

"தொடை இழுக்குதுங்க. அதான் மெதுவா வந்தேன்."

"நாள் முழுக்க உக்காந்தே இருந்தா இழுக்காம என்ன செய்யும்? கொஞ்சம் நடந்தா சரியாப் போயிடும்."

நடந்து வந்தவளிடம்தான் நடக்கச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. மின் அலுவலகத்தில் மீட்டர் எண்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. யாரோ எழுதிய எண்ணில் ஒரு பூஜ்யம் இடம் மாறியிருந்தாலும் சட்டென்று பிடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. எதிர் மேஜைக்காரர் வைட்டமின் டி பரிசோதனை செய்துகொண்டு, தனக்குப் பதினொன்றுதான் வந்தது, முப்பதாவது இருக்க வேண்டுமாம் என்று பரீட்சை மார்க் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து இவருக்கு முதுகு பிடித்தாலும் அதுதான் காரணம், கொட்டாவி வந்தாலும் அதுதான் காரணம்.

மனைவியைக் கூட்டி வந்த காரணம் வேறு. தம்பதியாக எடுத்தால் ஒருவருக்குப் பாதிக் கட்டணம் என்று கடை வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். கிடைக்கிற சலுகையை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை.

அந்தக் கடையின் மருந்தாளர் ஒரு பெண். எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம் உள்ளவர். அவர் சின்ன ஊசியைப் பிரித்து வைத்துக்கொண்டு, "முதல்ல யாரு?" என்றார். ஊசியைப் பார்த்ததும் நம்மவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இவளுக்கு முதல்ல எடுங்க. எப்படி வலிக்குதுன்னு பாத்துக்கிறேன்."

அவள் விரலை நீட்டினாள். பள்ளிச் சீருடை தைப்பவளுக்கு ஊசி புதிதில்லை. அடுத்து அவர் முறை வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அம்மாவோடது மாதிரி எண் ஒண்ணு. உங்களோடது ரெண்டு. ரெண்டு முடிவும் ஒரே போனுக்குத்தான் வரும், பாத்துக்குங்க," என்றார் மருந்தாளர். வழக்கம்போல அதையே இன்னொரு தடவையும் சொன்னார். இரண்டு தடவையும் நம்மவர் தன் விரலை ஊதுவதில் மும்முரமாக இருந்தார். மனைவி வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் இருக்கும்போது செய்தி வந்தது. மாதிரி எண் ஒன்று: எட்டு. மிகக் குறைவு, உடனே மருத்துவரைப் பார்க்கவும். மாதிரி எண் இரண்டு: முப்பத்து நான்கு. போதுமானது.

ஒன்று என்றால் தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கேஸ் இணைப்பிலிருந்து மகளின் கல்லூரிப் படிவம் வரை அந்த வீட்டின் எல்லாத் தாளிலும் முதல் பெயர் அவருடையதுதானே. அந்த எட்டு யாருடையது என்று நமக்குத் தெரியும். ஊரார் எண்ணையெல்லாம் சரிபார்ப்பவர் தன் வீட்டு எண்ணைச் சரிபார்க்கவில்லை.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே அவர் நொண்டினார். காலையில் இல்லாத வலி எங்கிருந்து வந்ததென்று கேட்டால் அவருக்கே தெரியாது. டாக்டரிடம் போகவும் பயம், என்ன சொல்வாரோ என்று. எதிர் மேஜைக்காரர் தன் அட்டையிலிருந்து கிழித்துக் கொடுத்த மாத்திரையை, வாரத்துக்கு ஒன்று என்று அவர் சொன்னபடி போட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். மகள் கல்லூரி விட்டு வரும்போது பாலும் முட்டையும் வாங்கி வர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெயில் காய்வது என்று முடிவானது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், முதுகுக்கு ஆகாது. கூடத்தில் இருக்கும் மர நாற்காலிதான் வேண்டும். அதை மாடியிலேயே விட்டுவைத்தால் வெயிலில் பாலிஷ் போய்விடும், ஆகவே தினமும் ஏற்றி இறக்க வேண்டும். எட்டு வந்தவன் பாரம் தூக்கக் கூடாது, ஆகவே மனைவி தூக்க வேண்டும். மகள் அந்த நேரத்துக்குக் கல்லூரியில் இருப்பாள்.

மாடிக்கு இருபத்திரண்டு படிகள். அந்தப் படிக்கு அடியில் இருந்த ஜன்னலில்லாத அறைதான் அவளுடைய தையல் அறை. காலையில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பாள். வெளியே வெயிலா மழையா என்பதே அவளுக்குத் தெரியாது. தொடையில் ஆரம்பித்த வலி இப்போது இடுப்பு வரைக்கும் வந்திருந்தது. நாற்காலியை ஒரு படியில் வைப்பாள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி தூக்குவாள்.

"எனக்கும் இந்த இடுப்புல என்னவோ பண்ணுதுங்க," என்றாள் மூன்றாம் நாள்.

"உனக்கு என்ன? முப்பத்தி நாலு. உன் உடம்பு எனக்கு வாய்ச்சிருந்தா நான் ஏன் இங்க வந்து உக்காரப் போறேன்?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். தாளிலேயே வந்துவிட்டதே, ஒருவேளை நமக்குத்தான் சோம்பேறித்தனமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான். வலி அவளுடையது, அவளையே அதை நம்பவிடாமல் செய்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் மகள் கவனித்துக் கேட்டாள். "அம்மா, ஏன் ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் வச்சு வச்சு இறங்குற? சின்னப் பிள்ளைங்க மாதிரி?"

"வயசாகுதுல்ல," என்றாள் அவள். அவளுக்கு நாற்பத்திரண்டுதான்.

விடுப்பின் கடைசி நாள். வெயில் போதும் என்று அவர் எழுந்து நின்று செடித்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். எட்டாவது படியில் கால் மடங்கியது. நாற்காலி கையை விட்டுப் போய், தடதடவென்று உருண்டு கீழே விழுந்தது. அவள் சுவரோடு சரிந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "என்ன சத்தம்? நாற்காலி உடைஞ்சு போச்சா?"

"இல்லீங்க. நாற்காலிக்கு ஒண்ணும் ஆகல."

அவர் இறங்கி வந்து பார்த்தபோது அவள் எழுந்திருக்க முயன்று முடியாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. அவருக்கு முதல் தடவையாகப் பயம் வேறு பக்கம் திரும்பியது. கைத்தாங்கலாக அவளை இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, வலிக்குப் போட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று மருந்துக் கடைக்கு ஓடினார்.

"இடுப்பு வலிக்குத் தடவுற மருந்து ஒண்ணு குடுங்க. என் வீட்ல படியில சறுக்கிட்டாங்க."

மருந்தாளர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "அவங்களுக்கா? இன்னும் டாக்டர்கிட்ட காட்டலையா? எட்டுன்னா ரொம்பக் கம்மியாச்சே. எட்டு ரொம்பக் கம்மி சார்."

"எட்டு எனக்குங்க. அவளுக்கு முப்பத்தி நாலு."

மருந்தாளர் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "ஒண்ணு அவங்க. ரெண்டு நீங்க. இவளுக்கு முதல்ல எடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் எண்ணைப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை. சரிபார்க்கத் தெரிந்த கண் இப்போதுதான் வேலை செய்தது. ஊசிக்குப் பயந்து அவளை முன்னால் தள்ளியது ஞாபகம் வந்தது.

"தடவுற மருந்தெல்லாம் வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களை நடக்க வைக்காதீங்க," என்றார் மருந்தாளர். "நீங்க ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"ஒண்ணு போட்டேன்."

"இனிமே டாக்டர் சொல்லாம போடாதீங்க." பிறகு கவுண்டருக்கு மேலாக எட்டி அவர் காலைப் பார்த்தார். "கால் வலின்னு லீவு போட்டிருக்கீங்கன்னு பால் வாங்கிட்டு இந்தப் பக்கம் போறப்ப உங்க பொண்ணு சொல்லிச்சு. இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கீங்களே."

அவர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டார். பழக்க தோஷத்தில் பதில் சொல்ல நம்மவர் வாயைத் திறந்தார். இருபது வருடம் கூடவே இருந்தவருக்கு அந்தப் பதில் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நீயே சொல்லும்மா," என்றார்.

"ஒன்றரை வருஷமாச்சு டாக்டர்."

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். "எலும்பு பலமே இல்லாமப் போயிருக்கு. இதோ, தொடை எலும்புல மெல்லிசா ஒரு கீறல் விட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் பாரம் தூக்கியிருந்தா முறிஞ்சே போயிருக்கும். நல்ல வேளை, மருந்தும் ஓய்வும் இருந்தா கூடிடும். ஏம்மா, இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன் டாக்டர்," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

வராந்தாவில் சக்கர நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு அவர் நிலைகொள்ளாமல் இங்கும் அங்கும் நடந்தார். "நம்பர் மாறிப் போச்சும்மா. நான் பாத்திருக்கணும். என் தப்புதான்."

"நம்பர் மாறினதுக்காக எனக்குக் கோவமில்லீங்க. அது யாருக்கு வேணா மாறும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "எட்டு உங்களுதுன்னு நெனச்ச அன்னிக்கே லீவு போட்டீங்க, பொண்ணு பாலுக்கு ஓடினா, நான் நாற்காலி தூக்கினேன். ஒன்றரை வருஷமா வலிக்குதுன்னு நான் சொன்னேன், வீட்ல ஒரு துரும்பு அசையல. ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா காது குடுத்துக் கேக்கணும். பரிசோதனையெல்லாம் அதுக்கப்புறம்தான்."

அவர் நடப்பதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

விடுப்பை நீட்டித்து, இரண்டு வாரம் கழித்துத்தான் வேலைக்குத் திரும்பினார். ஆபீசுக்குக் கிளம்பும் முன்பே மாடிக்கு நாற்காலி போகிறது, இப்போது தூக்குவது அவர். டாக்டர் அனுமதித்த பிறகு அவளையும் கைத்தாங்கலாக ஏற்றி இறக்குகிறார். தையல் இயந்திரம் கூடத்து ஜன்னலோரம் வந்துவிட்டது.

வேலைக்குத் திரும்பிய அன்று எதிர் மேஜைக்காரர் ஆவலோடு குனிந்தார். "என்ன சார், கடைசியில உங்க நம்பர் எவ்வளவு?"

"என் நம்பர் கிடக்கட்டும். உங்க வீட்ல அவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியுமா?"

எதிர் மேஜைக்காரர் யோசித்தார். சிரிக்கப் பார்த்தார். அப்புறம் மெல்ல, "தெரியலையே சார்," என்றார்.

"சாயங்காலம் போய் முதல்ல அதைக் கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாதீங்க."