அம்புக்குறி போன வழி

பானுமதிக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீபோர்டைத் தூக்கி யார் தலையிலாவது போட்டிருப்பாள். ஆனால் தப்பான அந்தப் புரோகிராம் வரியை எழுதியவளே அவள்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

விருத்தாசலத்தில் அவள் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியின் புரோகிராம் முழுக்கப் பெர்ல் என்கிற கணினி மொழியில் அவள் எழுதியது. போன வாரம் ஒரு லோடு ப்யூஸ் கட்டை மொத்தமும் விரிசல் விட்டுப்போனது. சூடு ஆறுமுன்னே யாரோ சூளையைத் திறந்திருக்கிறார்கள். யாரென்று முதலாளி கோதண்டபாணி கேட்க, புரோகிராம் கொளஞ்சி என்றது. பதினோரு வருஷம் சூளைப் பொறுப்பாளராக வெக்கையில் கிடந்த மனுஷனை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். அந்த நேரம் நான் வூட்டுல இருந்தேன் என்று அவர் தலைதலையாக அடித்துக்கொண்டதை யார் கேட்டார்கள்?

இன்று காலை சந்தேகம் வந்து வரியைப் பிரித்துப் பார்த்தாள். லோடிலிருந்து ஓர் அம்புக்குறி சூளைக்கு, சூளையிலிருந்து பொறுப்பாளருக்கு, அவரிடமிருந்து பெயருக்கு. ஒன்றைக் கேட்டு, அது காட்டியதைக் கேட்டு, அப்படியே போகிற வரி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் சூளையிடம் கேட்டால் அதன் பொறுப்பாளர் பெயரைத்தானே சொல்லும்? சூளைக் கதவைத் திறப்பவர் தன் நம்பரைத் தட்டுகிறார். அந்தத் திறப்புப் பதிவையல்லவா கேட்டிருக்க வேண்டும்! அடிப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, சூளையை எடுத்துவிட்டுத் திறப்பைப் போட்டு ஓட்டினாள்.

கோதண்டபாணி என்று வந்தது.

அதை அச்சடித்த தாளை அவர் மேசையில் போட்டாள். லாரி நிற்குதே என்று தானே திறந்ததாகவும், இப்போது அதுக்கென்ன, பழைய வரியே இருக்கட்டும் என்றும் சொன்னார். கொஞ்சமாவது கூச்சம் இருந்ததா? ம்ஹும்.

இன்னொரு தாளோடு நேரே கொளஞ்சி வீட்டுக்கு வண்டியை விட்டாள். அவர் தாளை வாங்கவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் புகார் எழுதி, வேலில் பிராது கட்டிவிட்டு இப்போதுதான் வந்ததாகச் சொன்னார். நல்லது, முதலாளி பேரில்தானே என்றாள்.

"இல்லம்மா. ஒங்க பேருல. நீங்க எழுதுனதுதான என்னையக் காட்டிக் குடுத்துச்சு."

பானுமதி தாளை அவர் கையில் திணித்தாள்.

"அத வாபஸ் வாங்காதீங்கண்ணே, தப்பு என்னுதுதான். அவரு பேருல இன்னொண்ணு கட்டணும். வண்டில ஏறுங்க."