முதலாளிக்குப் பால்

அம்மா, நீ போனில் கேட்கும்போதெல்லாம் பேரன் பால் குடிக்கிறான் என்றேன். பொய். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் வரும். அதனால்தான் வேலை செய்யும் குளிர்கிடங்குக்கு வெளியே நின்று, போனிடம் பேசி எழுத்தாக அனுப்புகிறேன்.

இருபத்தாறாவது வாரத்தில் பிறந்தவன், எழுநூறு கிராம் என்பது உனக்குத் தெரியும். அக்காவுக்குக் காய்ச்சல் விடாததால் அவளை வார்டுக்குள் விடவில்லை. பெற்ற அப்பா என்று மாமாவுக்கு மட்டும் மாலையில் அரைமணி நேரம். அக்கா வீட்டிலிருந்தபடி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷின் வைத்துப் பால் எடுப்பாள். குட்டி பாட்டிலில் தேதி, நேரம், எத்தனை மில்லி என்று எழுதி ஒட்டுவாள். வேலைக்குப் போகும் வழியில் ஐஸ் பையில் வைத்து நான் கொடுத்துவிட்டுப் போவேன். அங்கே ஒரு நர்ஸ். அவனை முதலாளி என்றுதான் சொல்வார். குழாய் வழியாக ஒரு மில்லி இறங்கினாலே, முதலாளி சாப்பிட்டாச்சு, நீ கிளம்பு என்று என்னை விரட்டுவார்.

போன திங்கட்கிழமை அவர் பையை வாங்கவில்லை. கண்ணாடி வழியாகக் காட்டினார். வயிறு ஊதி, தோல் மினுமினுவென்று கறுத்திருந்தது. குடல் கெட்டுவிட்டதாம், பாலை நிறுத்தியாகிவிட்டதாம். ஆபரேஷனை அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதை, மாமாவும் நானும் நின்றபடியே கேட்டோம்.

"முதல்ல அவளுக்குக் காய்ச்சல் விடட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் மாமா.

பாலைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. தினமும் கொண்டுவந்து, கிடங்கில் பட்டாணிப் பெட்டிகளுக்குப் பின்னால் அடுக்கினேன். நான்காம் நாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். என் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன். ஒரு பாட்டிலை எடுத்து, மேலே எழுதியிருந்ததைப் படித்தார். யாருடையது என்றார். அக்காவுடையது என்றேன். குழந்தை எப்படி இருக்கிறது என்றார். நான் குனிந்து, சாய்ந்திருந்த பாட்டில்களை நிமிர்த்தினேன். அவர் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, இன்னொரு பெட்டியை இழுத்து முன்னால் மறைத்துவிட்டுப் போனார்.

நேற்று மாலை அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மார்பெல்லாம் புண். பால் ஊற வேண்டும் என்று பசியே இல்லாமல் இரண்டு ஆள் சாப்பாட்டை விழுங்கிக்கொண்டிருந்தாள், எங்கள் பொய்யால்.

"இன்னைக்குப் பத்து மில்லி கொறஞ்சுபோச்சுடா. அவனுக்குப் பத்துமா? நர்ஸம்மா ஏதாவது சொல்லுவாங்களா?"

"அவன் திங்கட்கிழமையிலேர்ந்து குடிக்கலக்கா."

அவள் அழவில்லை. மொத்தம் எத்தனை பாட்டில் என்றாள். முப்பத்தெட்டு. எங்கே வைத்திருக்கிறாய் என்றாள். சொன்னேன்.

"பட்டாணி பக்கத்துலயா?" என்று லேசாகச் சிரித்தாள். அம்மா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு கையிலிருந்த பாட்டிலில் நேரத்தை எழுதினாள். "இதையும் அதோட வச்சிடு."

இன்று அவளுக்குக் காய்ச்சல் இல்லை. மாமா கூட்டிப் போயிருக்கிறார். குழாயோடு அவனை அவள் கையில் கொடுப்பார்களாம். இவ்வளவு நாள் தொடவே விடாதவர்கள் இப்போது ஏன் கொடுக்கிறார்கள் என்று நர்ஸைக் கேட்கவில்லை. அவரும் இன்று முதலாளி என்று சொல்லவில்லை.

நீ டிக்கெட் போடாதே, வந்து சேர நேரம் இருக்காது. அக்கா போன் செய்தால் பாலைப் பற்றி மட்டும் கேட்காதே.