ஒரு வாளித் தண்ணீர்

குழாய் வேலைக்கு வந்த முத்தலிப் கக்கூசுக் கோப்பைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெயராஜா டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார். காலை ஒன்பதரைக்கு, நல்ல வெயிலில், டோர்ச் எதற்கென்று முத்தலிப் கேட்கவில்லை. மனைவி இறந்த வீட்டில் ஒரு மனிதன் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

"என்ன அண்ணே விழுந்த? மோதிரமா?"

"பல்லு."

"உங்கடயா?"

"என்ட வாய்க்குள்ள கிடக்கு. அவட பல்லு."

செசீலியா விடியற்காலையில் நித்திரையிலேயே போய்விட்டாள். அவளுடைய கட்டுப்பல் கட்டிலுக்கடியில் தண்ணீர்க் கிளாசில் கிடந்தது. பதினொரு வருடமாக அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் இருட்டில்தான். வெறும் வாயைப் புருஷனுக்குக்கூடக் காட்டியதில்லை. "நான் செத்தா முதல் பல்லைப் போட்டுடுங்க. மறுகாதான் ஆக்களுக்குச் சொல்லணும்" என்று பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி சத்தியம் வாங்குவாள்.

அதனால் ஜெயராஜா மகளிடம்கூடக் கொடுக்காமல் தானே கக்கூசுக் குழாயில் கழுவப் போனார். சவர்க்காரம் வழுக்கியது. பல் கோப்பைக்குள் விழுந்தது. அதோடு நின்றிருந்தால் கையால் எடுத்திருக்கலாம். அவருடைய வலது கை, எழுபது வருடப் பழக்கத்தில், பக்கத்திலிருந்த வாளியைத் தூக்கி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டது.

முத்தலிப் எழும்பினார். "வளைவுல இல்ல அண்ணே. குழிக்குப் போயிட்டு. மூடி உடைக்கணும், குழி இறைக்கிற பவுசர் வரணும். இண்டைக்குச் செய்ய ஒண்ணா."

"நாலு மணிக்கு அவவை எடுக்கிறம்."

முத்தலிப் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

இந்தக் கக்கூசில் விழுந்த சாமானெல்லாம் நேரே வாவிக்குப் போகும் என்பது ஜெயராஜாவின் கதை. தன் மூக்குக்கண்ணாடி விழுந்த வருடம், பாலத்தடியில் ஒரு நண்டு அதைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்ததைக் கண்ணால் கண்டாராம். "கண்ணாடி இல்லாம எப்பிடிக் கண்ட நீங்க?" என்று செசீலியா கேட்பாள். கேட்டுவிட்டு, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மகள் றொசானி வந்தாள். "அப்பா, அம்மாட பல்லு எங்க? ஆக்கள் வரப்போறாங்க."

நண்டைக் கூப்பிட ஜெயராஜா வாயைத் திறந்தார். நண்டு வரவில்லை.

"விழுந்திற்று மனே. நான்தான் தண்ணி ஊத்தினன்."

றொசானி கோப்பையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

கூடத்தில் செசீலியாவின் கன்னம் குழிந்து, உதடு உள்ளே மடிந்து கிடந்தது. துணியால் மூடினாலும் கடைசி முத்தத்துக்கு எடுக்கத்தான் வேண்டும். ஜெயராஜா தலைமாட்டுக் கதிரையில் இருந்தார். கேற் திறக்கும் சத்தம் கேட்டது. தன்னுடைய மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கழற்றிச் சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டார்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு மேர்வின் மாஸ்டர். "எப்பிடி அண்ணன் நடந்த?" என்று கையைப் பிடித்தார். ஜெயராஜா வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். மாஸ்டர் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த பெண்களும் செசீலியாவை விட்டு அதைத்தான் பார்த்தார்கள்.

"அப்பா, பல்லைப் போடுங்க" என்று றொசானி காதுக்குள் சொல்லி, அம்மாவின் கைலேஞ்சியை நீட்டினாள்.

அவர் அதை வாங்கி, நாலாக மடித்து, செபமாலைக்குக் கீழே செசீலியாவின் கைக்குள் வைத்தார்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயராஜா நிமிர்ந்து இருந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.